கீழ் ஸ்தாயியில் கிறிஸ்மஸ்

கிறிஸ்மஸ் பாட்டென்றால் டிரம்பெட், கிளாரினெட் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்த பேண்ட் செட்டை எடுத்தாலும் முன்வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான். அட்வான்ஸ் பேசும்போதும் "எத்தனை கிளாரினெட் வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. யூபோனியம், டிராம்போன், பாஸ் ஊதுகிற எங்களைப் பின்னால் நிறுத்திவிடுவார்கள். கல்யாண ஊர்வலத்தில் பாஸ்காரருக்கு இரவு முழுக்க இரண்டே சுரம்: ஸ, ப, ஸ, ப. பாட்டு மாறினாலும் அவருடைய வேலை மாறாது.

டிசம்பரில் மட்டும் கணக்கு மாறும். மார்கழி பிறந்தால் தமிழ்ப் பக்கத்தில் கல்யாணம் நின்றுவிடும். கிளாரினெட்காரருக்கும் டிரம்பெட்காரருக்கும் அப்போதும் கிராக்கிதான்; மேற்கே உள்ள பெரிய செட்டுகள் பெருநாள் ஊர்வலங்களுக்கு அவர்களைக் கொத்திக்கொண்டு போய்விடும். கனத்த குழல்காரர்கள் நாங்கள் சும்மா இருப்போம். அப்படிச் சும்மா இருந்தவர்கள் கூடியதுதான் எங்கள் கேரல் குழு. இரண்டு யூபோனியம், ஒரு டிராம்போன், பாஸுக்கு ஒரு சூசாஃபோன். டிரம் கிடையாது. ஆரம்பத்தில் டிரம்காரர் யாரும் கிடைக்காததால் இல்லை. பிறகு கிடைத்தபோதும் வேண்டாம் என்றுவிட்டோம். எஸ்டேட் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரவு பத்து மணிக்கு அங்கே போய் டிரம்மைத் தட்டினால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் எல்லாம் எழுந்துகொள்ளும். அப்புறம் பாட்டு யார் காதில் ஏறும்?

முதல் சுற்று சித்தூர் தாலுகாவில். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்கள். இங்குள்ள லத்தீன் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். வெகுகாலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தோடு இருந்த பகுதி, 2013 டிசம்பர் 28 அன்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தபோது அதனுள் வந்தது. அடுத்த சுற்று மூணாறில். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து இடுக்கியின் கிழக்கு ஓரத்துக்குப் போக எங்களுக்குத் தோதான வழி கேரளத்துக்குள் இல்லை. பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கி, சின்னாறு செக்போஸ்ட்டில் மறுபடி கேரளத்துக்குள் ஏறி, மறையூர் வழியாகப் போக வேண்டும். காட்டுப் பாதை, யானை நடமாட்டம். இருட்டுவதற்குள் சின்னாற்றைத் தாண்டிவிட வேண்டுமென்று டிரைவர் அவசரப்படுத்திக்கொண்டே இருப்பார். ஜீப்பின் பின்சீட்டில் சூசாஃபோனுக்குத்தான் முதல் இடம். அது உட்கார்ந்த பிறகு மிஞ்சிய இடத்தில் மனிதர்கள்.

எந்தப் பாட்டை எடுப்பது என்பதில் எனக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு. அதை எனக்குக் கொடுத்தவர் குண்டளைப் பக்கத்து லயம் ஒன்றில் ஒரு பாட்டி. திருநெல்வேலி வழி வந்தவர், கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அப்போது நான் ஒரு பெரிய செட்டோடு போயிருந்தேன், முன்னால் இரண்டு டிரம்பெட். பாட்டி ஒரு வரி பாடிப் பார்த்தார், இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார். பாட்டு முடிந்ததும் மாஸ்டரைப் பார்த்து, "ஏய்யா, மேல மேல ஏறிப் போவுது, எங்களுக்கு எட்ட மாட்டேங்கு. கொஞ்சம் கீழ எடுங்கய்யா, நாங்களும் பாடுவோம்லா" என்றார். எங்கள் மாஸ்டர் ராணுவ பேண்டில் இருந்தவர், பச்மரியில் இசைப் பயிற்சி எடுத்தவர், யாருக்கும் சுலபத்தில் இறங்கி வரமாட்டார். பாட்டிக்கு மட்டும் இறங்கி வந்தார். "சரிங்கம்மா" என்று சொல்லி, டிரம்பெட் இரண்டையும் ஓரமாக நிறுத்திவிட்டு, என்னையும் பாஸ்காரரையும் முன்னால் கூப்பிட்டார்.

அன்றைக்குக் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. டிரம்பெட் இருந்தால் பெண்கள் பாடும் இடத்திலேயே அதுவும் ஊதும். குரல் அதற்கடியில் போய்விடும். யூபோனியம் அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே ஊதுகிறது. பாஸ் அதற்கும் கீழே. மேலே ஒரு முழு ஸ்தாயி காலியாகக் கிடக்கிறது. அது பாடுகிறவர்களுடைய இடம். கேரல் என்பது கேட்பதற்கான பாட்டு இல்லை, கூடிப் பாடுவதற்கான பாட்டு. ஆகவே சனம் வாய் திறந்து பாடுகிறதா என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். எங்களுக்கு ஊத எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

அந்த அளவுகோலில் முதலில் நிற்பது 'ஒப்பில்லா திரு இரா'. ஊரெல்லாம் 'சைலன்ட் நைட்' என்று அறிந்த பாட்டு. 1818 கிறிஸ்மஸுக்கு முந்தைய இரவு, ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரின் கோயிலில் முதன்முதலாகப் பாடப்பட்டது. வரிகளை எழுதியவர் உதவிப் பாதிரியார் ஜோசப் மோர், மெட்டமைத்தவர் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர். அன்று பாடியதும் அந்த இரண்டு ஆண்கள்தான். மோர் மேல்குரல், குரூபர் பாஸ், துணைக்கு ஒரு கிட்டார், வரி முடிவில் கூட்டுக்குரல். எனவே இதைத் தடித்த குழலில் ஊதுவது என்ன பழக்கம் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது. ஆனால் அந்த இரவில் டூபா ஊத யாரும் இல்லை, டூபாவே இல்லை. அதற்கு பெர்லினில் காப்புரிமை கிடைத்தது 1835இல்.

இந்தப் பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. மெட்டு ஒரு ஸ்தாயியில் அடங்காது. கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ-வையும் தாண்டி ம வரை போகிறது. பாட்டுப் புத்தகத்தில் இருப்பதுபோல ஆறரைக் கட்டையில் எடுத்தால், கடைசிக்கு முந்தைய வரியில் லயத்துப் பெண்களில் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். பகல் முழுக்கப் பனியில் நின்று வேலை செய்த தொண்டை அது. ஐந்தரைக் கட்டையில் எடுத்தால் எல்லோரும் கடைசி வரை வருவார்கள். பித்தளைக் குழலுக்கும் ஐந்தரைக் கட்டை தோது. பாஸுக்குப் பாட்டு முழுக்க மூன்றே சுரம்: ஸ, ப, ம. கல்யாணத்தைவிட ஒன்று கூடுதல், அவ்வளவுதான். ஆனால் முதல் நான்கு பாருக்கும் அந்த ஸ அசையாமல் நிற்க வேண்டும். ஒரே ஒரு பாஸ்தான் இருப்பதால் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது யாருக்கும் தெரியக்கூடாது. எங்கள் ஆள் மூன்றாவது பாரின் நடுவில், யூபோனியம் ஒரு சுரத்தை அழுத்தும் நேரம் பார்த்து, திருட்டு மூச்சு எடுப்பார். நான் அழுத்த மறந்தால் முறைப்பார்.

'கேள் ஜென்மித்த' என்று பாமாலைப் புத்தகத்தில் இருப்பது 'ஹார்க் தி ஹெரால்டு'. இதுதான் எங்கள் குழுவுக்கு உண்மையிலேயே பொருந்துகிற பாட்டு என்பேன். சார்லஸ் வெஸ்லி வரிகளை எழுதியது 1739இல். இப்போது பாடும் மெட்டு நூறு வருடம் கழித்து வந்தது, அதுவும் கிறிஸ்மஸுக்காக வந்ததில்லை. குட்டன்பர்க் அச்சுக்கலையின் 400ஆம் ஆண்டு விழாவுக்காக, 1840இல் லைப்சிக் நகரில் மெண்டல்சன் அமைத்த விழாப்பாட்டின் ஒரு பகுதி. பாடியவர்கள் ஆண்கள், உடன் ஊதியவை பித்தளைக் குழல்கள். இந்த மெட்டுக்கு வேறு வரிகள் போடலாம், ஆனால் தெய்வ சம்பந்தமான வரிகள் பொருந்தாது என்பது மெண்டல்சனின் கருத்து. அவர் இறந்த பிறகு, 1855இல், வில்லியம் கம்மிங்ஸ் என்ற ஆங்கிலேய ஆர்கன் கலைஞர் வெஸ்லியின் வரிகளை அதில் பொருத்திவிட்டார். இன்று மூணாறு லயத்துப் பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிறார்கள். மெண்டல்சன் கேட்டிருந்தால் மனசு மாறியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பித்தளைக்கென்று பிறந்த மெட்டு என்பது வாயில் வைத்த உடனே தெரியும். தாண்டல்கள் எல்லாம் குழலின் இயல்பான சுரங்களிலேயே விழுகின்றன. பிஸ்டனைத் தேடி விரல் ஓட வேண்டியதில்லை. நாங்கள் எடுப்பது நாலு கட்டையில். மூன்றாவது வரியில் நான்கு பேரும் ஒரே சுரத்தில் சேர்ந்து ஏறும்படி மாஸ்டர் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த இடம் வரும்போது ஓரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கும் ஆண்களும் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சேர்ந்துகொள்வார்கள். வேறு எந்தப் பாட்டிலும் ஆண்களை இவ்வளவு எளிதாகப் பாட வைக்க முடிந்ததில்லை.

மாஸ்டர் எழுதிய தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ராணுவ முறைப்படி பாஸ் கிளெஃபில் எழுதுவார். இன்னொரு யூபோனியம்காரர் நாகர்கோவில் பக்கம் இரட்சணிய சேனையில் ஊதக் கற்றவர். அந்தச் சேனையின் முதல் பேண்ட் 1878இல் இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்து கட்டட வேலை செய்துவந்த ஃபிரை என்பவரும் அவருடைய மூன்று மகன்களும் ஊதியதில் தொடங்கியது. அவர்கள் வழியில் யூபோனியத்துக்கும் பாஸுக்கும்கூட டிரெபிள் கிளெஃப்தான். ஒரே வாத்தியம், ஒரே சுரம், இரண்டு தாளில் இரண்டு எழுத்து. டிராம்போன்காரருக்குத் தாளே வேண்டாம். 'ஸ ரி க ம' சொன்னால் போதும், ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்வார். பாஸ்காரர் சி.எஸ்.ஐ. கோயில் கொயரில் டானிக் சோல்ஃபா படித்தவர், அவருக்கு 'டோ ரே மீ' என்று பென்சிலில் எழுதித் தர வேண்டும். நான்கு பேருக்கு நான்கு பாஷை. ஒத்திகையில் சண்டை வராமல் இருந்தால்தான் அதிசயம்.

'பக்தரே வாரும்' பாட்டைக் கெடுப்பது ரொம்ப எளிது. எல்லோரும் முதல் சுரத்திலிருந்தே முழுக் காற்றையும் விடுவார்கள். அதன் பல்லவி மூன்று முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் ஏறுகிறது. நாங்கள் முதல் முறையில் ஒரு யூபோனியத்தை மட்டும் விடுவோம். இரண்டாவதில் டிராம்போனும் இன்னொரு யூபோனியமும் சேரும். மூன்றாவது முறைதான் பாஸ் உள்ளே வரும். பாடுகிறவர்களுக்கும் யாரும் சொல்லாமலே அது புரிந்துவிடுகிறது. முதல் முறை முணுமுணுப்பார்கள், மூன்றாவதில் கூரை அதிரும். மூணாறில் 1898இல் தொடங்கிய கார்மல் மாதா கோயில் (2024இல் பசிலிக்கா ஆனது) ஆனாலும் சரி, 1910இல் அடிக்கல் நாட்டிய சி.எஸ்.ஐ. கிறைஸ்ட் சர்ச் ஆனாலும் சரி, தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று யார் எந்த மொழியில் பாடினாலும் இடிக்காத பாட்டு இது ஒன்றுதான். மூன்று மொழியும் ஒரே நேரத்தில் ஒலித்துக் கேட்டிருக்கிறேன். வார்த்தை ஒன்றுமே விளங்கவில்லை, சுருதி மட்டும் சுத்தமாக இருந்தது.

'ஜாய் டு தி வேர்ல்டு' பற்றிச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லுவேன்: சங்கராபரணத்தின் அவரோகணத்தைச் சொல்லு பார்ப்போம். ஸ நி த ப ம க ரி ஸ. முடிந்தது, முதல் வரி வந்துவிட்டது. லோவல் மேசன் என்ற அமெரிக்கர் 1830களில் வெளியிட்ட மெட்டு. அதன் பின்பாதியில் மேல்குரல்கள் ஒரு வரியைச் சொல்ல, கீழ்க்குரல்கள் அதையே திருப்பிச் சொல்லும். பெரிய செட்டில் டிரம்மும் டிரம்பெட்டும் அந்த இடத்தை விழுங்கிவிடும். எங்களிடம் அது முழுசாகக் கேட்கும்: சனம் ஒரு தடவை சொல்கிறது, நாங்கள் பதில் சொல்கிறோம். பாஸ்காரர் முகத்தில் சிரிப்பு வருவது இந்தப் பாட்டில்தான்.

எனக்கு மிகப் பிடித்த பாட்டு இந்த அளவுகோலில் தோற்றுவிடும். 'காட் ரெஸ்ட் யி மெர்ரி ஜென்டில்மென்'. ஆங்கிலேயர் பாடிய பழைய தெருப்பாட்டு. நடபைரவியின் சுரங்கள், மேஜர் இல்லை, மைனர். எங்கள் தாளில் பாஸ் அடிக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்காது. தடித்த குழல்களில் இதைப்போல ஒலிக்கும் பாட்டு வேறில்லை. ஆனால் லயத்தில் யாருக்கும் இது தெரியாது, யாரும் பாடுவதில்லை. அதனால் எஸ்டேட்டின் ஒரு டிவிஷனிலிருந்து அடுத்த டிவிஷனுக்கு நடக்கும்போது, தேயிலைக்கு நடுவே, எங்களுக்காக மட்டும் ஊதிக்கொண்டு போவோம். அதுவும் இறக்கத்தில் மட்டும். ஏற்றத்தில் சூசாஃபோனைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊதினால் நெஞ்சு அடைக்கும்.

மலைக்குளிர் வாத்தியத்துக்கு என்ன செய்யும் என்பது சமவெளிக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. செண்டுவரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் டிசம்பர் கடைசியில் இரவு விரல் மரத்துப்போகும். காற்று குளிரக் குளிர ஒலியின் வேகம் குறையும். ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர். பாலக்காட்டில் 25 டிகிரியில் ஒழுங்காக இருந்த குழல், 5 டிகிரியில் கணக்குப்படி அரைச் சுரத்தில் பாதிக்கும் சற்றுக் கூடுதலாக இறங்க வேண்டும். மூச்சின் சூட்டில் கொஞ்சம் மீளும். டிரம்பெட் சின்னது, நாலைந்து தடவை ஊதினால் சூடாகிவிடும். சூசாஃபோனில் 18 அடிக் குழாய், அதைச் சூடாக்க நம் மூச்சு போதாது. பெரிய செட்டில் டிரம்பெட் மேலே நிற்கும், பாஸ் கீழே நிற்கும், நடுவில் கேட்பவர் காது வலிக்கும். கீபோர்டு கொண்டுவந்தால் இன்னும் மோசம், அது இம்மியும் இறங்காது. எங்கள் நான்கு குழலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இறங்கும். ஐந்தரைக் கட்டையில் எடுத்த பாட்டு ஐந்தரைக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். சண்டை போட மேலே ஆள் இல்லை. பாடுகிறவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் சுலபம்.

பிஸ்டனுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் எங்கள் ஊர் மூத்தவர்களிடம் உண்டு. கீழே அது நன்றாகவே ஓடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் சரக்கு. மறையூர் தாண்டினால் பிஸ்டன் அமுங்கிய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். தையல் மெஷின் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஒரு சின்னச் சீசாவில் வைத்திருப்போம். வாசனை சகிக்காது, ஆனால் பிஸ்டன் துள்ளும். மவுத்பீஸை ஜீப்பில் வாத்தியத்தோடு விடக்கூடாது, கால்சட்டைப் பையில் இருக்க வேண்டும். குளிர்ந்த உலோகத்தில் உதட்டை வைத்தால் முதல் இரண்டு பாட்டுக்கு உதடு நம் பேச்சைக் கேட்காது. தண்ணீர் சாவியைப் பாட்டுக்குப் பாட்டு திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் டிராம்போன் கொப்புளிக்கும். எங்கள் வாத்தியங்களில் மூன்று மீரட்டில் ஜாலி கோட்டி பஜாரில் வாங்கியவை. நாட்டின் பேண்ட் செட்டுகளுக்குப் பெரும்பாலும் அங்கிருந்துதான் வாத்தியம் வருகிறது. 1885இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனியும் அங்கேதான். விலைக்கு நல்ல சரக்கு. ஒன்றாவது, மூன்றாவது பிஸ்டனைச் சேர்த்து அமுக்கினால் சுரம் சற்றே கூடும். அது மீரட்டின் குறை இல்லை, மூன்று பிஸ்டன் வைத்த எந்தக் குழலுக்கும் உள்ளது. அதைச் சரிக்கட்ட பிளெய்க்லி என்பவர் 1874இலேயே லண்டனில் வழி கண்டுபிடித்துவிட்டார். அந்த வகை யூபோனியத்தின் விலைக்கு எங்கள் ஊரில் இரண்டு கறவை மாடு வாங்கலாம்.

பாலக்காட்டுப் பக்கம் குளிர் தொல்லை இல்லை, காற்றுத் தொல்லை. மலைத்தொடரில் விழுந்த இடைவெளி வழியாக டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும். பனைமட்டைகளின் சலசலப்பிலேயே பாதிச் சத்தம் போய்விடும். கோயில் சுவருக்கு மேற்கே, காற்று மறைவில் நின்றால்தான் பாட்டு நிற்கும். இங்கே பாட்டுப் பட்டியலும் வேறு. 'யஹூதியாயிலே' என்ற மலையாளப் பாட்டை ஊதாமல் எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். ஏ.ஜே. ஜோசப் எழுதி மெட்டமைத்தது, யேசுதாஸ் பாடி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. தமிழ் பேசுகிற வீட்டிலும் அதுதான் வேண்டும். சித்ரா பாடிய 'பைதலாம் யேசுவே' கேட்காத பெண்களே இல்லை. முதலாவதில் பாஸுக்குத் துள்ளலான வேலை உண்டு. இரண்டாவது தாலாட்டு, யூபோனியத்துக்கென்றே செய்ததுபோல வரும். "அண்ணா, ஒரு பிராவஸ்யம் கூடி" என்று இன்னொரு தடவை ஊதக் கேட்பார்கள். மறுக்காமல் ஊதுவேன்.

தமிழ்க் கீர்த்தனைகளை ஊதுவதுதான் கஷ்டம். வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து தஞ்சை, நெல்லைக் கோயில்களில் வளர்ந்த பாட்டு முறை அது. சுரம் நேராக நிற்காது, அசைந்து அசைந்து போகும். பிஸ்டன் குழலில் அந்த அசைவு வராது. உதட்டால் கொஞ்சம் வளைக்கலாம், அவ்வளவுதான். டிராம்போனில் இழுப்பு இருக்கிறது. எங்கள் டிராம்போன்காரர் சின்ன வயதில் நாகஸ்வரக்காரர்களுக்கு ஒத்து ஊதியவர். கீர்த்தனை என்று வந்தால் நாங்கள் மூவரும் ஸ-வையும் ப-வையும் பிடித்துக்கொண்டு நிற்போம். அவர் ஒருவரே பாடுவார். பாமாலைக்கு நான்கு குரல் ஒத்திசைவு அழகு. கீர்த்தனைக்கு அதைப் போட்டால் பாட்டின் கழுத்தை நெரித்ததுபோல ஆகிவிடும். சில கொயர்கள் இதைச் செய்கின்றன, எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவில் எங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு விழா இருக்கிறது என்று பாஸ்காரரின் மகன் யூடியூபில் காட்டினான். 'டூபா கிறிஸ்மஸ்' என்று பெயர். ஹார்வி ஃபிலிப்ஸ் என்ற டூபா கலைஞர் தன் ஆசிரியர் வில்லியம் பெல்லின் நினைவாக 1974இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் தொடங்கினார். பெல் பிறந்தது 1902 கிறிஸ்மஸ் அன்று. முதல் வருடமே டூபாவும் யூபோனியமுமாகச் சுமார் 300 பேர் திறந்த வெளியில், குளிரில் நின்று ஊதினார்கள். பாட்டுகளை அதற்கென்று அமைத்துக் கொடுத்தவர் அலெக் வைல்டர். அதே நாட்டில் பெத்லகேம் என்ற ஊரில் மொரேவியன் சபையார் 1754 முதல் டிராம்போன் குழு வைத்திருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் எங்கள் பாஸ்காரர், "முந்நூறு பேரா? அப்போ மூச்சுத் திருட வேண்டியதே இல்லையே" என்றார். அவருடைய கவலை அவருக்கு.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடி லயங்கள் நிலச்சரிவில் மண்ணோடு போயின. 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அந்த டிசம்பரில் கொரோனாக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, நாங்கள் மேலே போகவில்லை. அடுத்த வருடம் போனபோது சொந்தக்காரர்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளில் இருந்தன. மெதுவான பாட்டாக எடுப்போம் என்று ஜீப்பிலேயே பேசி முடிவு செய்திருந்தோம். முதல் லயத்தில் 'ஒப்பில்லா திரு இரா' முடிந்ததும் ஒரு அக்கா, "அதையே ஊதிக்கிட்டு இருக்காதீங்க தம்பி. 'கேள் ஜென்மித்த' எடுங்க, சத்தமா எடுங்க" என்றார். எடுத்தோம். மூன்றாவது வரியில் அவருடைய குரல் எங்கள் நான்கு குழலுக்கும் மேலே போனது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர்கள் என்ன கேட்கிறார்களோ அதைத்தான் ஊதுகிறோம். முன்கூட்டி முடிவு செய்வதில்லை.

இப்போது கேரலுக்கே நாசிக் டோல் கொண்டுவருகிறார்கள். இளைஞர்களுக்கு அதில் ஆட்டம் இருக்கிறது, குறை சொல்ல மனமில்லை. ஆனால் பாட்டு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரு கோயில் கமிட்டி ஒரு வருடம் எங்களையும் டோல் குழுவையும் ஒரே முற்றத்தில் நிறுத்தியது. அவர்கள் நிறுத்தும் இடைவெளிகளில் நாங்கள் ஊதலாம் என்றார்கள். அவர்கள் நிறுத்தவே இல்லை. கவரில் பேசிய தொகையில் பாதிதான் இருந்தது, "நீங்க அவ்வளவா ஊதலையே" என்று காரணம் வேறு. அப்பமும் கோழிக்கறியும் நன்றாக இருந்தன, அதைச் சொல்லியாக வேண்டும்.

இந்த வருடம் டிராம்போன்காரர் மகன் வீட்டுக்கு ஷார்ஜா போய்விட்டார். கீர்த்தனைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் இடத்துக்கு ஒரு கல்லூரிப் பெண் வருகிறாள், வேலந்தாவளத்துப் பிள்ளை, இரண்டு வருடமாக என்னிடம் யூபோனியம் பழகுகிறாள். தாளைப் பார்த்து ஊதுவதில் எங்கள் எல்லோரையும்விட வேகம். அவளுக்கு 'இன் தி பிளீக் மிட்விண்டர்' வேண்டுமாம். குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1906இல் அமைத்த மெட்டு. ஹோல்ஸ்ட் கை நரம்பு வலியால் பியானோவை விட்டுவிட்டு டிராம்போன் ஊதிப் பிழைத்தவர் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். "நம்ம ஆளு எழுதின பாட்டு மாஸ்டர், நாம ஊதாட்டி யாரு ஊதறது?" என்கிறாள். நாலு கட்டையில் எழுதிப் பார்த்தேன். மெட்டு சின்னதுதான், இடைக்குரல்கள் அழகாக விழுகின்றன, பாஸுக்கும் மூச்சு வாங்க இடமிருக்கிறது. லயத்தில் யாருக்கும் தெரியாத பாட்டு, சனம் பாடாது. அதைச் சொன்னேன். முதல் சுற்றில் நாம் ஊதினால் இரண்டாவது சுற்றில் பாடுவார்கள், மெட்டு அவ்வளவு சுலபம் என்கிறாள். நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் மறையூரில் டீக்கடை வாசலில் ஊதிப் பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பாஸ்காரருக்கு 'டோ ரே மீ'யில் எழுதும் வேலையை அவளிடமே கொடுத்துவிட்டேன்.